அடுத்தவர் உடல் நமக்கு அளவுகோல் ஆகுமா?



மனித வரலாறு தொடங்கிய அன்றே ஓர் ஒப்பீடும் தொடங்கிவிட்டது. ஆதம் (அலை) அவர்களுக்குச் சிரம் பணியுமாறு இறைவன் கட்டளையிட்டபோது இப்லீஸ் மறுத்தான். தான் நெருப்பினால் படைக்கப்பட்டவன் என்றும், ஆதமோ களிமண்ணால் படைக்கப்பட்டவர் என்றும், ஆகவே தானே மேலானவன் என்றும் அவன் வாதிட்டதைத் திருமறையின் அல் அஃராஃப் அத்தியாயம் நமக்கு எடுத்துரைக்கிறது. அவன் வணக்கத்தை ஒப்பிடவில்லை, அறிவையும் ஒப்பிடவில்லை. ஓர் உடலையும் இன்னோர் உடலையும் ஒப்பிட்டான். அந்த ஒப்பீடு பெருமையைப் பெற்றது; பெருமை சாபத்தைப் பெற்றது.

அந்தப் பழைய நோய் இன்று புதிய உடை உடுத்தி நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு நடைப்பயிற்சிக்குச் செல்லும் பெரியவர்கள், தாம் நடந்த அடிகளின் எண்ணிக்கையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அடுத்த நொடியே, “உங்களுக்கு எத்தனை?” என்று பக்கத்தில் நடப்பவரைக் கேட்கிறார்கள். ஜிம் என்று நம் பிள்ளைகள் அழைக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில், கண்ணாடியின் முன் நிற்கும் இளைஞன் தன் தோளைக் காட்டிலும் அருகில் நிற்பவனின் தோளையே அதிகம் பார்க்கிறான். பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் பருத்துவிட்ட மருமகளிடம், “அடுத்த வீட்டுக்காரியும் மூன்று பெற்றவள்தான், அவள் எப்படி இருக்கிறாள், பார்!” என்று மாமியார் சொல்லிக் காட்டுகிறார்.

உடல் நலம் பேணுவது மார்க்கத்திற்குப் புறம்பான காரியம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மறுமை நாளில் அடியானின் பாதங்கள் இடம் பெயரும் முன் அவனிடம் கேட்கப்படும் கேள்விகளுள், உடலை எதில் தேய்த்தாய் என்பதும் ஒன்று எனத் திர்மிதீ நூலில் வரும் நபிமொழி எச்சரிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடை, சரிவில் இறங்குபவரின் நடையைப் போல் விரைவானதாக இருந்தது என்று தோழர்கள் வருணித்திருக்கின்றனர். அத்தகைய நபியின் உம்மத்தினராகிய நாம் வாழும் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகளாக உள்ளனர் என்று, 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே நடக்க வேண்டும். உடலை உழைக்கச் செய்ய வேண்டும். உணவில் அடக்கம் வேண்டும். இவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த முயற்சியை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே நம் முன் உள்ள வினா.

நான் செய்த பிழை

இவ்விஷயத்தில் பிறருக்கு உபதேசிக்கும் முன், என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்.

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர். சர்க்கரை நோய் கண்டபின், மருத்துவரின் அறிவுரைப்படி, தம் மைத்துனருடன் காலையில் நடக்கத் தொடங்கினார். மைத்துனர் வயதில் மூத்தவர். ஆயினும் வயல்வெளியில் உழைத்து உரமேறிய உடல். இவரோ நாற்பது ஆண்டுகள் கடையில் கல்லாவின் பின் அமர்ந்தே வாழ்ந்தவர். ஒருநாள் காலை, பள்ளிவாசலின் முன் பலரும் கூடி நின்ற வேளையில், மூச்சு வாங்க வந்து சேர்ந்த அவரைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “மச்சான் மூன்று சுற்று முடித்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டார், நீங்கள் இன்னும் முதல் சுற்றிலேயே நிற்கிறீர்களே பாய்!” கூடியிருந்தோர் சிரித்தனர். அவரும் சிரித்தார்.

மறுநாள் அவர் நடக்க வரவில்லை. வெளியூர் சென்றிருப்பார் என எண்ணினேன். பின்னர் அதை மறந்தும் போனேன். பல மாதங்கள் கழித்து, காலில் புண் முற்றி இரு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி கேட்டு நோய் விசாரிக்கச் சென்றேன். பேச்சினிடையே, “ஏன் பாய் நடப்பதை விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அன்று எல்லாரும் சிரித்தார்கள் ஹஜ்ரத். மச்சானைப் போல நம்மால் முடியாது, பிறகு எதற்கு நடக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது” என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. அதுவே என்னை மிகவும் சுட்டது.

தொடர்ந்து நடந்திருந்தால் அவ்விரல்கள் தப்பியிருக்குமா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் அவர் நடையை நிறுத்தியது நோயினால் அன்று, ஒப்பீட்டினால் என்பதை நான் அறிவேன். அந்த ஒப்பீட்டைச் செய்த நாவு என் நாவு என்பதையும் அறிவேன்.

மெலிந்த கால்களும் உஹது மலையும்

நான் கற்றிருந்தும் அன்று எனக்கு நினைவு வராத நபிமொழி ஒன்று உண்டு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மெலிந்த உடல் வாய்ந்தவர்கள். பல் துலக்கும் குச்சி பறிப்பதற்காக அராக் மரத்தண்டை அவர்கள் சென்றிருந்தபோது காற்று அடித்தது. குச்சி போன்ற கணைக்கால்கள் வெளித்தெரிந்தன. அங்கிருந்தோர் நகைத்தனர். ஏன் சிரிக்கிறீர்கள் என்று பெருமானார் (ஸல்) வினவ, அவருடைய கால்களின் மெலிவைக் கண்டு என்றனர். அப்போது அண்ணலார், தம் உயிரைக் கையில் வைத்திருப்பவன் மீது ஆணையிட்டு, மறுமையின் தராசில் அவ்விரு கால்களும் உஹது மலையை விட கனமானவை என்று அறிவித்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அந்தக் கால்களின் சிறப்பு பருமனில் இல்லை. அவை எங்கே நடந்தன, யாருக்காக நின்றன என்பதில் இருந்தது. அல்லாஹ் நம் தோற்றங்களையும் செல்வங்களையும் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்று முஸ்லிம் நூலின் நபிமொழி சொல்வதும் இதையே.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இன்னொரு நபிமொழியை நாம் பெரும்பாலும் பொருளாதாரத்திற்கு மட்டுமே எடுத்துக் கூறுகிறோம். தம்மைவிட மேலானவரைக் கண்டவர், தமக்குக் கீழிருப்பவரையும் பார்க்கட்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அதில் செல்வத்தோடு உடலமைப்பும் சேர்த்தே குறிப்பிடப்பட்டுள்ளது. மாளிகையைப் பார்த்து ஏங்காதே என்று மக்களுக்குச் சொன்ன நாம், அடுத்தவரின் உடற்கட்டைப் பார்த்து ஏங்காதே என்று சொல்ல மறந்துவிட்டோம்.

ஒரே பயிற்சி, வெவ்வேறு பலன்

இக்கால ஆய்வாளர்களும் தம் வழியில் இதை உறுதி செய்கின்றனர். 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. உடற்பயிற்சிப் பழக்கமற்ற 481 பேரை, பெற்றோரும் பிள்ளைகளுமாகக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, 20 வாரங்கள் ஒரே முறையில் பயிற்சி மிதிவண்டி ஓட்டச் செய்தனர். உழைக்கும்போது உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்துகிறது என்பதை முன்னும் பின்னும் அளந்தனர். சராசரியாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் உயர்வு காணப்பட்டது. ஆனால் ஒரு சிலருக்கு அது ஒரு லிட்டரையும் தாண்டியது. வேறு சிலருக்கோ ஏறக்குறைய மாற்றமே இல்லை. ஒரு குடும்பத்தினரின் முன்னேற்றம் பெரும்பாலும் தமக்குள் ஒத்திருந்தது.

அதாவது, ஒரே அளவு வியர்வை சிந்தினும் எல்லா உடலும் ஒரே விளைச்சலைத் தருவதில்லை. ஒரே மழை பெய்கிறது. நிலங்கள் வேறு, விளைச்சலும் வேறு. உழைப்பு அடியானின் பொறுப்பு. அதன் விளைவு அல்லாஹ் பங்கிட்ட ரிஸ்கு. சிலரை விடச் சிலருக்கு இறைவன் மேன்மையாக அளித்தவற்றின் மீது ஆசை கொள்ள வேண்டாம் என்று அந்நிஸா அத்தியாயம் விலக்குவது, தசைக்கும் மூச்சுக்கும் பொருந்தாது என்று எவர் கூற இயலும்?

வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு சான்று. புனே நகரத்து மருத்துவ அறிஞர் யாஜ்னிக் அவர்களும், அவருடைய ஆங்கிலேய நண்பர் யுட்கின் அவர்களும் 2004ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு! நம் நாட்டவர் மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்பு மிகுந்திருக்கலாம் என்பதை இதன் வழியே உலகுக்கு உணர்த்தினர். ஆகவே, அவரைவிட நான் ஒல்லியாகத்தான் இருக்கிறேன் என்று ஆறுதல் கொள்பவரும் ஏமாறுகிறார். அவரைவிட நான் பருமன் என்று மனமுடைபவரும் ஏமாறுகிறார்.

நாள்தோறும் 10,000 அடிகள் நடந்தே ஆக வேண்டும் என்ற கணக்கும் அப்படித்தான். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின், 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொணர்ந்த அடி எண்ணும் கருவியின் பெயரே பத்தாயிரம் அடி என்பதாகும். அந்த விற்பனைப் பெயரே நாளடைவில் சட்டம் போல் பரவிவிட்டது. சராசரியாக 72 வயதுடைய, 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து ஹார்வர்டு அறிஞர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் அந்தப் பலன் பெரிதாக ஏறவில்லை. நான்காயிரம் அடி நடந்த மூதாட்டி, பத்தாயிரம் நடக்கவில்லையே என்று வெட்கி வீட்டில் அமர்ந்துவிடுவது எத்துணை பெரிய இழப்பு!

அவிழ்க்கப்பட்ட கயிறு

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, இரு தூண்களுக்கிடையே கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. அது அன்னை ஸைனப் (ரலி) அவர்களுடையது என்றும், தொழுகையில் நின்று சோர்வு ஏற்பட்டால் அதைப் பற்றிக்கொள்வார்கள் என்றும் கூறினர். கயிற்றை அவிழ்க்கச் சொன்ன அண்ணலார், உற்சாகம் உள்ளவரை நின்று தொழுமாறும், சோர்ந்தால் அமர்ந்துவிடுமாறும் பணித்தார்கள். வணக்கத்திலேயே உடலை அதன் எல்லை கடந்து இழுக்கக் கூடாதென்றால், பக்கத்தில் இருப்பவனைத் தோற்கடிப்பதற்காக உடலை வதைப்பதற்கு மார்க்கத்தில் ஏது இடம்?

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வரலாறு இளைஞர்களுக்கு உரியது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அவ்விளைஞரிடம், உடலுக்கும் கண்ணுக்கும் இல்லத்தாருக்கும் அவர் மீது உரிமை உண்டென்று நபியவர்கள் நினைவூட்டி, மாதம் மூன்று நோன்பு போதுமென்றார்கள். எனக்கு இன்னும் வலிமை உண்டு என்று அவர் மேலும் மேலும் வேண்ட, இறுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூத் நபியின் நோன்பு வரை இசைந்தார்கள். முதுமை வந்தபின், அன்று நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர் வருந்தினார்கள்.

இன்று நம் இளைஞர் சிலர், தோழனுக்கு மூன்று மாதத்தில் திரண்ட புயம் தமக்கு ஏன் திரளவில்லை என்று துடித்து, எவரோ தரும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுக்கொள்கின்றனர். அது இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். பிள்ளைப் பேற்றையே பாதிக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். தோழனின் புயத்தைப் பார்த்துத் தன் அமானிதத்தை அழித்துக்கொள்வது அறிவாகுமா, தம்பி?

போட்டியே கூடாதா?

அப்படியானால் ஒருவரோடு ஒருவர் போட்டியிடவே கூடாதா என்று கேட்கத் தோன்றும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் நபியவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முதலில் அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில், அன்னையாரின் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, இது முந்தைய பந்தயத்திற்குச் சரியாகிவிட்டது என்று மகிழ்வுடன் கூறினார்கள். மனைவியின் உடல் மாறிவிட்டதை அவர்கள் குத்திக் காட்டவில்லை. பிற பெண்டிரோடு ஒப்பிடவுமில்லை. அந்த மாற்றத்தோடேயே மீண்டும் உடன் ஓடினார்கள். மனைவியின் பருமனைப் பற்றி நண்பர்கள் நடுவே நகைச்சுவை பேசும் கணவன்மார்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வலிமையான இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரை விடச் சிறந்தவர் என்ற நபிமொழியை உடற்பயிற்சி பற்றிப் பேசுவோர் அனைவரும் எடுத்துரைக்கின்றனர். அதனை அடுத்து வரும் பகுதியை விட்டுவிடுகின்றனர். இருவரிடத்திலும் நன்மை உண்டு என்பதும், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமையில் முடங்கிவிடாதே என்பதும் அதே நபிமொழியின் கருத்துகளே. உனக்குப் பயன் தருவது எது என்பதே அங்கு அளவுகோல். அடுத்தவருக்கு எது வாய்த்தது என்பதன்று.

ஆகவே நடைப்பயிற்சியைத் தொடங்கும் சகோதரரே, சகோதரியே! உங்களை நீங்கள் அளக்க வேண்டிய கேள்விகள் இவை: சென்ற மாதம் மாடிப்படி ஏறுகையில் வாங்கிய மூச்சு இம்மாதம் குறைந்துள்ளதா? நாற்காலியில் அமர்ந்து தொழுதவர் மீண்டும் தரையில் சஜ்தா செய்ய முடிகிறதா? இரத்தத்தில் சர்க்கரை இறங்கியுள்ளதா? பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை செல்ல முடிகிறதா? இவற்றுக்கு விடை உங்களிடமே உண்டு. அடுத்தவரின் கைப்பேசியில் இல்லை. வாரத்திற்கு 150 நிமிடங்கள் மிதமான உழைப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த வழிகாட்டுதல்கூட, சிறிதளவு செய்வதும் ஒன்றுமே செய்யாமலிருப்பதை விட மேல் என்றுதான் சொல்கிறது. குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நாம் கற்றிருப்பதோடு இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்து, காலுக்குப் பொருந்தும் செருப்பணிந்து, நாள்தோறும் பாதங்களைப் பார்த்து வர வேண்டும். உளூச் செய்யும் வேளையே அதற்கு ஏற்ற வேளை.

பின்தங்கியவரின் நடை

இறுதியாக, வலிமை வாய்க்கப் பெற்றோருக்கு ஒரு சொல். முஆத் (ரலி) அவர்கள் இஷாத் தொழுகையில் நீண்ட அத்தியாயத்தை ஓதினார்கள். ஒட்டகங்களோடு பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்த ஒருவர், ஜமாஅத்திலிருந்து விலகித் தனியே தொழுதுவிட்டுச் சென்றார். செய்தி பெருமானாரிடம் வந்தது. விலகிச் சென்றவரை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. விலகும் நிலைக்கு ஆளாக்கிய முஆதையே, மக்களைச் சோதனைக்கு உள்ளாக்குகிறீரா என்று கடிந்துகொண்டார்கள். பின்னால் நிற்போரில் நோயாளியும் முதியவரும் பலவீனரும் இருப்பர் என்பதைத் தொழ வைப்பவர் கருத்திற்கொள்ள வேண்டுமென்று பணித்தார்கள்.

இந்த நபிமொழியை நான் மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். பள்ளிவாசலின் வாசலில் நின்று ஒரு நோயாளியை நடையிலிருந்து விலகச் செய்தவன் நானே என்று உணர்ந்த நாளில்தான் அது எனக்கு விளங்கியது. அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். “அதற்கென்ன ஹஜ்ரத்” என்றார். புண் ஆறி, மருத்துவர் அனுமதி அளித்தபின், இப்போது அவர் மீண்டும் நடக்கிறார். பள்ளிவாசலிலிருந்து தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரை, திரும்பவும் அங்கிருந்து பள்ளிவாசல் வரை. நானும் அவருடன் நடக்கிறேன். அவருடைய மைத்துனரும் வருகிறார். மூவரும் அவருடைய நடைக்கே நடக்கிறோம். எத்தனை அடி என்று எவரும் கேட்பதில்லை.

நம் உடல்களை அவன் தந்த அமானிதமாய்ப் பேணவும், பெருமையிலிருந்தும் பொறாமையிலிருந்தும் உள்ளங்களைக் காத்துக்கொள்ளவும், நம்மினும் பலவீனமானோரை விட்டுச் செல்லாது உடனழைத்துச் செல்லவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.